ஓர் இணைப்பு, பல கருவிகள்: வீட்டுத் திசைவியின் வரலாறு

வீட்டுக்கு வரும் ஒரே அகலப்பட்டை இணைப்பைக் கணினி, கைப்பேசி, பிளேஸ்டேசன் போன்ற விளையாட்டுக் கருவி என எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியே வீட்டுத் திசைவி. கடையில் ரவுட்டர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து அதை வாங்குவது இன்றைய வழக்கம். அதன் வரலாற்றைப் புரட்டினால், வேகத்தைவிடப் பங்கீடே பெரிய சிக்கலாக இருந்திருப்பது தெரியும்.

பங்கீடு பழவேற்காடு ஏரிக்கரைக்குப் புதிதன்று. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கும் வழக்கம் அங்கு உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை சுற்றி வரும். பாட்டு உரிமை இல்லாதவர்களும் உண்டு. அதனால் எழுந்த பூசல்களும் உண்டு. முறை இருந்தாலே நியாயம் வந்துவிடாது, யாருடைய முறை என்பதையும் பார்க்க வேண்டும். திசைவிக்கும் இது பொருந்தும், பின்னால் வருவோம்.

தமிழ்க் கடற்கரையில் இணையத்தைப் பங்கிட்ட தொடக்க முயற்சிகளுள் ஒன்று புதுச்சேரி வட்டாரத்தில் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு மைய நிலையம் இருந்தது. தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாததால் அங்கிருந்து ஊர்களுக்கு வானொலி அலை வழியாகவும் தகவல் சென்றது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்த முன்கணிப்பை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஓர் இணைப்பு, ஒரு கணினி, ஊர் முழுவதும் பயனாளர்! 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு என்னும் மீனவ ஊரில் இந்த ஏற்பாடு உயிர்களைக் காத்தது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, ஒலிபெருக்கி வழியே செய்தி பரவி, 3,000-க்கும் மேற்பட்டோர் தப்பினர்.

வீட்டுக்குள் பங்கிடுவதற்கு வேறொரு தடை இருந்தது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தேவை. பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அவை தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் 1994-இல் முகவரி மாற்று முறை முன்வைக்கப்பட்டது. நாட் என்பது அதன் சுருக்கப் பெயர். மாணவர் விடுதியை எண்ணிப் பாருங்கள். வெளியுலகுக்கு விடுதியின் முகவரி ஒன்றுதான். எந்தக் கடிதத்தை எந்த அறை மாணவர் அனுப்பினார் என்று காப்பாளர் குறித்துவைத்துக்கொண்டால், பதில் வரும்போது உரியவரிடம் சேர்த்துவிடலாம். திசைவியும் இதையே செய்கிறது. வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் எண்கள் அறை எண்கள் போன்றவை. யாரும் எழுதாத கடிதத்துக்குப் பதில் வந்தால் காப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். விளையாட்டுக் கருவிகளுக்குத் தொல்லை இங்கேதான்: எதிராளியின் கருவி தானாக உள்ளே வர முயன்றால் கதவு திறக்காது. இதற்காகவே யுபிஎன்பி என்னும் வசதி பல திசைவிகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் இவை உடனே வந்துவிடவில்லை. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது ஒரு வீட்டுக்கு ஒரு கணினியே அதிகம். பிரவுசிங் சென்டர்களில்தான் ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்தன. திருப்பம் 2005 சனவரியில் ஏற்பட்டது. அம்மாதம் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது, 2.4 கிகாஏர்ட்சு அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று அரசும் அறிவித்தது. முதலாவது வீட்டு வாசல் வரை இணைப்பைக் கொண்டுவந்தது, இரண்டாவது வீட்டுக்குள் கம்பியில்லாமல் பரப்ப வழிவிட்டது. அன்றைய மோடம்கள் பல, ஒரு கணினிக்கு மட்டும் இணைப்பை விடும் பிரிட்ஜ் நிலையில் இருந்தன. அதைத் திசைவி நிலைக்கு மாற்றத் தெரிந்த பையன் தெருவுக்கு ஒருவன் இருந்தால் பெரிது. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை பதிவிறக்குவது கணக்கில் சேராது என்பதால் கண்விழித்தவர்களும் உண்டு.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பங்கீட்டின் குறை வெளிப்பட்டது. அண்ணன் பெரிய காணொளியை ஏற்றுகிறான், தங்கையின் வகுப்பு உறைந்து நிற்கிறது. வேகக் குறைவு என்று பழி சொன்னார்கள். பல வீடுகளில் உண்மைக் காரணம் திசைவியின் வரிசை. மலிவான பெட்டிகள் வந்த தகவல் துண்டுகளையெல்லாம் ஒரே நீண்ட வரிசையில் நிறுத்தும். காணொளியின் ஆயிரம் துண்டுகளுக்குப் பின்னால் ஆசிரியரின் குரல் காத்திருக்கும். 2012-இல் கேத்லீன் நிக்கோல்சு, வான் ஜேக்கப்சன் இருவரும் வரிசை நீளாமல் தடுக்கும் கோடெல் முறையை வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த எஃப்கியூ-கோடெல், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை வைத்து முறைவைத்து அனுப்புகிறது. ஏறக்குறைய பாடுதான்! லின்க்சிசு நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி திசைவியின் மூலநிரல் வெளியானதையொட்டி 2004-இல் பிறந்த ஓபன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருளில் இது கிடைக்கிறது.

எனவே திசைவி வாங்குவோர் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் வசதி உண்டா என்பதை முதலில் கேட்கலாம். விளையாட்டுக்கு வேகம் கொஞ்சம் போதும், தாமதம்தான் கூடாது. கருவியைக் கம்பி வழியாக இணைத்துவிடுவது என் பரிந்துரை. 5 கிகாஏர்ட்சு வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும்.

பசியாவரம் போல ஏரிநீரைக் கடந்து கம்பி இழுக்க வேண்டிய ஊர்களில் சிம் அட்டை போடும் திசைவி கைகொடுக்கும். வெளி ஆண்டெனா பொருத்தும் வசதி இருந்தால் நல்லது; உப்புக்காற்றில் இணைப்பு முனை அரிக்கும் என்பதால் அதை மூடி வைக்க வேண்டும். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்வதுண்டு. அப்போது விளையாட்டுக் கருவியில் "நாட் டைப் 3" அல்லது "ஸ்ட்ரிக்ட்" என்று தெரியும். திசைவியை மாற்றுவதால் மட்டும் அது தீராது.

பழைய பெட்டியே போதுமா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. யாரும் எதையும் ஏற்றாதபோது ஒருமுறையும், பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போது ஒருமுறையும் கணினியில் பிங் கட்டளையைக் கொடுங்கள். 30 மில்லிவினாடி 300 ஆகத் தாவினால், எஸ்கியூஎம் வசதியில் ஏற்றும் வேகத்தை இணைப்பின் வேகத்தில் 90 விழுக்காடாக வரம்பிட்டு மீண்டும் சோதியுங்கள்.