பால்ஸ் பொட்டீக்: கடன் வாங்கிய சத்தத்தின் கணக்கு

ராப் பாட்டு என்றாலே நம் தலைமுறைக்கு ஒரே அபிப்பிராயம்தான்: சத்தம். பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறார்கள், நாம் டிவி வால்யூமைக் கூட்டுகிறோம். ஆனால் 1989-ல் வந்த ஒரு ஆல்பத்தின் சரித்திரம் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ராயல்டி, ஒப்பந்தம், உரிமைக் கட்டணம், கோர்ட்டு எல்லாம் உண்டு.

பீஸ்டி பாய்ஸ் 1981-ல் நியூயார்க்கில் ஆரம்பித்தபோது ராப் குழுவே இல்லை. ஹார்ட்கோர் பங்க் ராக் குழு. பங்க் என்றால் நாலு ஸ்வரம், ரெண்டு நிமிஷம், ஒரே கத்தல். வித்வத் தேவையில்லை, துணிச்சல் போதும். அதே ஊரில் கறுப்பின இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, அதன்மேல் பேச்சையே தாளமாக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கும் சங்கீதப் பள்ளிக்கூடம் வேண்டாம், கையில் இருப்பது போதும். மைக்கேல் டயமண்ட், ஆடம் யாவ்க், ஆடம் ஹோரோவிட்ஸ் என்ற மூன்று வெள்ளைக்காரப் பையன்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

1986 நவம்பரில் டெஃப் ஜாம் கம்பெனி மூலம் முதல் ஆல்பம் 'லைசென்ஸ்ட் டு இல்' வந்தது. தயாரிப்பு ரிக் ரூபின். ராப் தாளத்தின்மேல் கனமான ராக் கிட்டார். 1987-ல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம். எந்த ராப் ஆல்பமும் அதற்குமுன் அங்கே போனதில்லை. கையில் பீர் டின்னோடு மேடையில் ஆட்டம் போடும் போக்கிரிகள் என்று பெயரும் வந்தது. விளையாட்டுக்குப் போட்ட வேஷம், கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டது.

அடுத்து பணத் தகராறு. எங்களுக்குச் சேரவேண்டிய ராயல்டி வரவில்லை என்றது குழு. நீங்கள் அடுத்த ஆல்பத்தைத் தரவில்லையே என்றது கம்பெனி. (லோன் பைலில் இந்த மாதிரிக் கடிதப் போக்குவரத்து எத்தனை பார்த்திருப்பேன்!) கடைசியில் குழு கேபிடல் ரெக்கார்ட்ஸுக்கு மாறி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஜாகை மாற்றியது.

அங்கேதான் ஜான் கிங், மைக்கேல் சிம்ப்சன் என்ற டஸ்ட் பிரதர்ஸ் கிடைத்தார்கள். பழைய ரெக்கார்டுகளிலிருந்து ஒரு டிரம்ஸ் அடி, ஒரு கிட்டார் இழுப்பு, ஒரு குரல் என்று வெட்டி எடுத்து, சாம்ப்ளர் கருவியில் ஏற்றி, அடுக்கடுக்காகக் கோத்து வைத்திருந்தார்கள். நம் பாட்டிமார் பழைய புடவைத் துண்டுகளைத் தைத்துப் போர்வை பண்ணுவார்களே, அந்த வேலைதான். மேலே பாட இடமில்லாத அளவுக்கு அடர்த்தியாக இருக்கிறதே, கொஞ்சம் குறைத்துத் தரட்டுமா என்று அவர்கள் கேட்க, அப்படியே வேண்டும் என்றார்கள் பையன்கள். அந்த முடிவில்தான் ஆல்பமே நிற்கிறது.

1989 ஜூலை 25-ல் 'பால்ஸ் பொட்டீக்' வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். 'தி சவுண்ட்ஸ் ஆஃப் சயன்ஸ்' பாட்டில் பீட்டில்ஸே வருகிறார்கள். கடைசிப் பாட்டு ஒன்பது குட்டிப் பாட்டுகளைச் சேர்த்துக் கட்டியது, பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல். 'லுக்கிங் டவுன் தி பேரல் ஆஃப் எ கன்' பாட்டில் கனமான கிட்டார் திரும்ப எட்டிப் பார்க்கிறது. என் கருத்தில் பங்க் மிச்சமிருப்பது கிட்டாரில் அல்ல, ஜெயித்த சூத்திரத்தைத் தூக்கி எறிந்த அந்தத் திமிரில்.

வியாபாரம் படுத்துவிட்டது. 14-வது இடத்தோடு சரி. முதல் ஆல்பத்தைப் போலவே இன்னொன்றை எதிர்பார்த்தவர்களுக்கு இது புரியவில்லை. பத்து வருஷம் மெதுவாக விற்று, 1999-ல் அமெரிக்காவில் இருபது லட்சம் பிரதிக்கான சான்று பெற்றது.

துண்டுகளை எல்லாம் திருடிப் போட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலானவற்றுக்கு அனுமதி வாங்கியதாகத்தான் தயாரிப்பில் இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அன்றைக்கு விலை குறைவு, அவ்வளவுதான். ஒரு துண்டுக்கு ரெண்டு பேர் சொந்தக்காரர்கள்: பாட்டை எழுதியவர் பக்கம் ஒன்று, ஒலிப்பதிவை வைத்திருக்கும் கம்பெனி பக்கம் ஒன்று. ரெண்டு பேருக்கும் கொடுக்கவேண்டும்.

1991 டிசம்பரில் எல்லாம் மாறியது. பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் 1972 பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்த வழக்கில், நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பைத் திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு ஆரம்பித்தார். அந்த ஆல்பத்தின் விற்பனை நின்றது. அதன்பிறகு எந்தக் கம்பெனியும் துணியவில்லை, துண்டின் விலையும் ஏறிவிட்டது. நூறு துண்டுக்கும் ரெண்டு ரெண்டு பேருக்குக் கட்டிவிட்டு எவனால் லாபம் பார்க்க முடியும்? சொந்தக்காரருக்குக் காசு போகவேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தால் ஒரு கைத்தொழிலே சுருங்கிப்போனதும் நிஜம். டி லா சோல் என்ற குழுவின் 1989 ஆல்பம், இந்த மாதிரி உரிமைச் சிக்கல்களால் 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கே வந்து சேர்ந்தது.

பீஸ்டி பாய்ஸ் 1992-ல் 'செக் யுவர் ஹெட்' ஆல்பத்துக்கு மறுபடி கிட்டார், பேஸ், டிரம்ஸைக் கையில் எடுத்தார்கள். பழைய கணக்கு விடவில்லை. 2012 மே 3-ல், முதல் ரெண்டு ஆல்பங்களில் உள்ள துண்டுகளுக்காக டஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. மறுநாள் யாவ்க் புற்றுநோயில் இறந்தார். வயது 47. வழக்குத் தொடுக்கத் தேவையான உரிமை அந்த நிறுவனத்துக்கே இல்லை என்று 2015-ல் தள்ளுபடி ஆனது.

ஆல்பத்தின் அட்டையில் இருப்பது மன்ஹாட்டனில் லட்லோ, ரிவிங்டன் தெருக்கள் சந்திக்கும் முனை. அங்கே இருந்தது வேறொரு துணிக்கடை, பால்ஸ் பொட்டீக் என்று போர்டு மாட்டிப் படம் பிடித்தார்கள். 2023 செப்டம்பரில் அந்த முனைக்கு பீஸ்டி பாய்ஸ் சதுக்கம் என்று நியூயார்க் நகரம் பெயர் வைத்தது.