டார்கெட்

விற்பனைப் பிரதிநிதிக்கு ‘டார்கெட்’ என்றால் மாதக் கடைசிக்குள் எட்ட வேண்டிய தொகை. நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் ஜிசிசி என்னும் கம்பைலரைக் கட்டுபவருக்கோ அது ஒரு கணினி.

ஜிசிசியைக் கட்டுமுன் ‘கான்ஃபிகர்’ நிரலுக்கு மூன்று விவரம் தரலாம்: கம்பைலரைக் கட்டும் கணினி ‘பில்டு’; அந்தக் கம்பைலர் ஓடும் கணினி ‘ஹோஸ்ட்’; அது உருவாக்கும் நிரல்கள் ஓடும் கணினி ‘டார்கெட்’. இன்டெல் மடிக்கணினியில் கட்டி, அதிலேயே ஓட்டி, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிக்கு நிரல் ஆக்கினால் முதல் இரண்டும் ஒன்று. டார்கெட் மட்டும் ஆர்ம் வகைச் செயலி கொண்ட கணினி. சாதாரண நிரலை ராஸ்பெர்ரி பைக்காகக் கட்டும்போதும் பலர் டார்கெட்டையே மாற்றுகிறார்கள். அங்கே மாற்ற வேண்டியது ஹோஸ்ட். வேறு நிரலை உருவாக்காத நிரலுக்கு டார்கெட் ஏது?

சொல்லின் பழைய பொருள் வியப்பூட்டுவது. பிரெஞ்சு வழி வந்த ‘டார்ஜ்’ கேடயம். ‘டார்கெட்’ சிறு கேடயம். வில்லாளர் குறிவைக்கும் வட்டத்துக்கு அப்பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். அம்பைத் தடுத்தது அம்பை வாங்குவதாயிற்று!

இச்சொல்லுக்குத் தமிழில் ‘குறி’ உண்டு. ஆனால் சோதிடம் முதல் அடையாளம் வரை அதற்கு வேலை அதிகம். லட்சியத்தோடு உறவுடைய ‘இலக்கு’ தெளிவானது. ‘இலக்குக் கணினி’ என்றால் ஹோஸ்டோடு குழப்பமும் குறையும்.