மீட்டு வெட்டிய கல்வெட்டை எதைக்கொண்டு சோதிப்பது?: திருவல்லம் படியும் ஜவ்வாது மலையடி நடுகற்களும்

கோயில்களில் திருப்பதியம், அதாவது தேவாரப் பாடல்கள், பாடும் வழக்கம் சோழன் முதற் பராந்தகனுக்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்று கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் தம் ‘சோழர்கள்’ நூலில் கொள்கிறார். அவர் காட்டும் சான்று திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிலில் உள்ள, விசைய நந்திவிக்கிரமவர்மனின் 17-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. அவருக்குப் பின் தேவார வரலாறு எழுதியோர் பலரும் இதையே முதற்சான்றாக எடுத்தாண்டனர். அவர் முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த முடிவைத் தாங்கும் அளவுக்கு அந்தச் சான்று சோதிக்கப்படவில்லை என்பதே என் வாதம்.

கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1899-இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். திருமண்டபத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதற்கு முன்பு இருந்த கல்வெட்டின் படி இது என்பதைக் கல்வெட்டின் தொடக்கமே கூறிவிடுகிறது. ஆக, நாம் படிப்பது பல்லவர் கால உளியெழுத்தை அன்று. முதற்கல் அகற்றப்பட்டபின் யாரோ ஒருவர் மீட்டு வெட்டியதைப் படிக்கிறோம். மண்டபம் எப்போது புதுக்கப்பட்டது என்பதை அந்தத் தொடக்கம் குறிப்பிடவில்லை. சாத்திரியாரின் வாசிப்பில் இந்தத் தொடக்கத்துக்கு எந்த எடையும் இல்லை. மூலக் கல்வெட்டும் மீட்டெழுதிய கல்வெட்டும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

இப்படிப் படியெடுத்து வெட்டுவது அரிய செயல் அன்று. திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டவும், பிரிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அவை மீண்டும் கல்லில் ஏறியது இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுக் காலம் அக்கோயிலின் நிலமும் விளக்கும் பொன்னும் பற்றிய உரிமைகள் ஏட்டுச் சுவடியில் மட்டுமே வாழ்ந்தன. அந்த ஆணையைச் சோழர் ஆட்சியின் ஆவணப் பொறுப்புக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பாராட்டத்தக்க பொறுப்புதான். ஆனால் படியெடுத்தது சரியா என்று பார்க்க வேண்டிய நேரம், பழஞ்சுவர் நின்றுகொண்டிருந்த நேரம் மட்டுமே. சுவரைப் பிரித்தபின் படியை ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

கணினித் தரவுத்தளங்களைக் காப்போர் இந்தச் சிக்கலை நன்கு அறிவர். 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் ஏறக்குறைய 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். காப்புப் படிக்குப் பல வழிகள் வைத்திருந்தும் வேண்டிய நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. நாள்தோறும் படியெடுக்க வேண்டிய நிரல், பதிப்பு பொருந்தாமல் சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. படிகள் இருக்க வேண்டிய சேமிப்பிடத்தில் எதுவும் இல்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த படி ஒன்றே அவர்களைக் காப்பாற்றியது. மீட்டுப் பார்க்காத படியை நம்ப முடியாது என்ற பாடத்தை அத்துறை அன்று வெளிப்படையாகவே பேசியது. கல்வெட்டியல் இந்தக் கேள்வியைத் தன்னிடம் இன்னும் உரக்கக் கேட்டுக்கொள்ளவில்லை.

திருவல்லத்தில் மூலம் இல்லை. ஆனால் அதே காலத்து மூலங்கள் அருகில் உள்ளன. திருவல்லம் பாலாற்றுக்கு வடக்கே பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. பாலாற்றை ஒட்டி, ஜவ்வாது மலையின் வடமேற்கில் இருப்பது ஆம்பூர். அங்கே தொறுப்பூசலில், அதாவது ஆநிரைப் போரில், பட்ட வீரர்களுக்கு விசைய நிருபதுங்கவிக்கிரமவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில் எடுத்த நடுகற்கள் கிடைத்தன. மலையின் தென்புறம் செங்கம் வட்டார நடுகற்கள் இன்னும் பழையவை. எடத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயர் அதில் இருக்கிறது. நடுகல்லை யாரும் பிரித்துக் கட்டுவதில்லை. வீரன் பட்ட தலைமுறையின் உளியே இன்றும் நம் கண்முன் நிற்கிறது. திருவல்லம் படியை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் தொண்டை நாட்டில் இல்லை.

ஒப்பிட்டால் படியின் ஒரு பகுதி தேறிவிடுகிறது. அரசன் பெயருக்கு முன் ‘கோவிசைய’ என்று தொடங்குவது இந்த நடுகற்களின் மரபு. நிருபதுங்கன் பெயரில் வருவதுபோல ‘விக்கிரம’ என்பதைச் சேர்ப்பதும் அப்படியே. படி சோழர் காலத்தது எனக் கொண்டால், எழுத்தர் சொந்தமாக எழுதியிருந்தால் அவர் கை ‘கோப்பரகேசரி’ என்றோ ‘கோவிராசகேசரி’ என்றோதான் போயிருக்கும். வழக்கொழிந்த தொடரை அவர் பிசகாமல் வெட்டியிருக்கிறார் என்றால், அவர்முன் உண்மையான பழம்படி இருந்திருக்க வேண்டும். கல்வெட்டு சொல்லும் கொடைக்கு வாண அரசன் மாவலி வாணராயனான விக்கிரமாதித்தன் விடுத்த வேண்டுகோளும், மூன்று ஊர்களை ஒன்றாக்கி விடேல்விடுகு விக்கிரமாதித்தச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயரிட்டதும் இதே தரத்தவை. ‘விடேல்விடுகு’ பல்லவர்க்குரிய பெயர். பிற்காலத்தார் அதைப் புனைய எந்தக் காரணமும் இல்லை.

பணியாளர் பட்டியல் அப்படித் தேறவில்லை. திருப்பள்ளித்தாமம் பறிப்போர், திருப்பதியம் பாடுவோர் உள்ளிட்ட பல பணி செய்வோர் என்று செல்லும் பகுதியில்தான் சாத்திரியாரின் சான்று முழுவதும் அடங்கியிருக்கிறது. ‘உள்ளிட்ட’ என்று திறந்திருக்கும் பட்டியலில் ஒரு பணியைச் சேர்ப்பது மிக எளிது. அரசன் பெயரை மாற்றினால் ஊரார் கண்டுகொள்வர். புதுக்கிய காலத்தில் கோயிலில் உள்ளபடியே நடந்துவந்த ஒரு பணியைப் பழைய கொடையின் பங்கில் சேர்த்தால் யார் மறுப்பார்? அந்தப் பங்கால் பயன்பெறுவோரே படியெடுப்பின்போது பக்கத்தில் இருந்திருக்கக்கூடும். இப்படி ஒரு சேர்க்கை நடந்தது என்பதற்கு என்னிடம் நேர்ச்சான்று இல்லை. ஆனால் நடக்கவில்லை என்பதற்கும் சாத்திரியார் சான்று தரவில்லை. ஒரு வழக்கத்தின் தொடக்கத்தைக் குறிக்க வந்த சான்றை மெய்ப்பிக்கும் கடமை அதைக் காட்டுபவருக்கே உரியது. நடுகல்லில் கோயிற் பணியாளர் வரமாட்டார் என்பதால், மலையடிக் கற்கள் இந்தப் பகுதிக்கு உதவவும் மாட்டா.

ஆண்டும் முற்றாகத் தெளிவடையவில்லை. நந்திவர்மன் என்ற பெயரில் இருவர் பொருந்துவர். திருவல்லத்திலேயே 62-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அத்தனை நீண்ட ஆட்சி இரண்டாம் நந்திவர்மனுக்கே உரியது. 17-ஆம் ஆண்டை மூன்றாம் நந்திவர்மனுக்குத் தருவதே பெருவழக்கு. அப்படியானால் ஏறத்தாழ கி.பி. 863. வாணன் விக்கிரமாதித்தனின் காலமும் அதற்கு இசைகிறது. நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனால் படியெடுத்தவர் எண்ணைச் சரியாகப் படித்தார் என்ற எடுகோளும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஆகவே திருவல்லம் கல்வெட்டை இரண்டாகப் பிரித்து ஆள வேண்டும். அரசன், வாணன், ஊர்ப் பெயர் ஆகியவை ஒன்பதாம் நூற்றாண்டுக்கு ஏற்கத்தக்கவை. திருப்பதியம் பாடுவோர் பற்றிய பகுதியை, மூலமாகவே நிற்கும் வேறொரு பல்லவர் கல் கிடைக்கும்வரை, மண்டபம் புதுக்கிய காலத்துக்கு மட்டும் உறுதியானதாகக் கொள்ள வேண்டும்.

அளவுகோலாக நாம் பயன்படுத்தும் நடுகற்களுக்கும் இதே சோதனை தேவை. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. இன்று பெரும்பாலோர் கல்லைப் பார்ப்பதில்லை, அந்நூலின் வாசகத்தையே எடுத்தாள்கின்றனர். கற்கள் பலவும் வேடியப்பன் என்ற தெய்வமாக வழிபாட்டில் உள்ளன. ஆண்டுதோறும் எண்ணெய் ஏறி எழுத்து மங்குகிறது. செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள் அந்நூலைக் கையில் கொண்டுபோய், வாசகத்தை எழுத்தெழுத்தாகக் கல்லோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் இரு பாடத்தையும் பதிவு செய்ய வேண்டும். கல் படிக்கும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.