டர்போவும் கால் நொடியும்

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே வீணாகப் போகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவது. சக்தி இனாம்! கூடவே ஒரு தலைவலியும் வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு, புகை பெருகிச் சக்கரம் வேகமெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். கப்பல் எஞ்சினில் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1970களில் போர்ஷே 911 டர்போ, சாப் 99 டர்போ எல்லாம் சாலைக்கு வந்தபோதுதான் ஓட்டுபவர்களுக்கு உறைத்தது.

சரி, புகைக்கு ஏன் காத்திருக்கணும்? மோட்டாரை வைத்துச் சுற்றினால் என்ன?

கேட்க எளிது. ஆனால் 2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு சுமார் 100 லிட்டர் காற்றை இழுக்கும். அதை 0.5 பார் கூடுதலாக அமுக்கவே ஏறக்குறைய 6 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது 500 ஆம்பியர்! இணையத்தில் 'எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்' என்று விற்கப்பட்ட குட்டி ஃபேன்களைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

2016-ல் ஆடி (மாதம் அல்ல, கார்!) எஸ்.க்யூ.7 டீசலில் 48 வோல்ட் மின்சுற்று வந்தது. 7 கிலோவாட் மோட்டார், 70,000 ஆர்.பி.எம்., அதை எட்ட கால் நொடிக்கும் குறைவு என்றார்கள். விளம்பரமா, உண்மையா? நாமே போட்டுப் பார்க்கலாம்.

7000 வாட் × 0.25 நொடி = 1750 ஜூல். மோட்டார் தரக்கூடியது அவ்வளவுதான். 70,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு சுமார் 7330 ரேடியன். ஆற்றல் = ½Iω² (பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான், பயப்படாதீர்கள்). ஆகவே நிலைமத் திருப்புத்திறன் 0.000065 கி.கி.மீ²-க்கு மேல் போகக் கூடாது. 200 கிராம் எடை முழுவதும் அச்சிலிருந்து 1.8 செ.மீ. தள்ளி வளையமாக இருப்பதற்குச் சமம். காற்றை அமுக்கவும் கொஞ்சம் ஆற்றல் செலவாகும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவாக இருக்கவேண்டும். உள்ளங்கையில் அடங்கும் சக்கரம்தானே, நம்பலாம்.

சக்கரத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால்? I 32 மடங்காகும். விளிம்பு வேகம் மாறாமலிருக்கப் பாதி ஆர்.பி.எம். போதும், அப்போதும் ஆற்றல் 8 மடங்கு. கால் நொடி 2 நொடியாகிவிடும், பழைய டர்போவே தேவலாம். அதனால்தான் ஆடி இந்தக் குட்டியை ஆரம்ப உந்துதலுக்கு மட்டும் வைத்து, மற்றதை இரண்டு டர்போக்களிடம் விட்டது.

ஃபார்முலா 1-ல் 2014 முதல் 2025 வரை டர்போ அச்சிலேயே மோட்டார் இருந்தது. 2026 விதிகளில் அதை எடுத்துவிட்டார்கள்.