துப்பாக்கிக் கட்டையின் மெருகு

கள்ளக்குறிச்சிக்கு அருகே தியாகதுருகம் என்றொரு மலைக்கோட்டை உண்டு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கருநாடகத்திற்காகப் பொருத நாளில், 1761ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மேஜர் பிரஸ்டன் இதனை நெடுநாள் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். பின்னர்த் திப்பு சுல்தான் மூன்றாம் மைசூர்ப் போரில் இதனைத் தாக்கியபோது காத்து நின்றவர் கேப்டன் பிளின்ட். அப்பெயருக்குச் சக்கிமுக்கிக் கல் என்று பொருள். அவருடைய வீரர்களின் துப்பாக்கிகளும் அக்கல்லின் பொறியாலேயே வெடித்தன என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்!

இப்போர்களை எழுதுவோர் குழலையும் குண்டையும் பேசுவர். கட்டையைப் பேசுவோர் அரியர். வீரனுடைய தோளிலும் கன்னத்திலும் பட்டது கட்டையே அன்றோ? ஐரோப்பியப் படைத் துப்பாக்கிக்குப் பெரிதும் அக்ரோட்டு மரமே பயன்பட்டது. மழையில் மரம் ஊதினால் விசைப்பொறி இறுகும். வெயிலில் சுருங்கினால் பிணைப்புத் தளரும். ஆதலால் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை தேய்த்து ஊறவிட்டனர். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்து கெட்டிப்படும். நம் நல்லெண்ணெய்க்கு அவ்வியல்பு குறைவு. தேங்காயெண்ணெய்க்கு இல்லையென்றே கூறலாம். அதனைப் பூசிய கட்டை பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும்.

நம் நாட்டார் அரக்கை அறிந்திருந்தனர். வடநாட்டுத் திரித் துப்பாக்கிகள் சிலவற்றில் வண்ணம் தீட்டி, மேலே அரக்கு மெருகிட்டிருப்பதைக் காணலாம். அரக்கு நீரில் கரையாது, சாராயத்தில் கரையும்.

பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில், தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தை நாடெங்கும் கொணர்ந்தது. எஞ்சிய பழந்துப்பாக்கிகள் சிலவே.

அச்சிலவற்றுள் ஒன்றை நானே பாழாக்கியிருக்கிறேன், மாணவ நண்பர்களே. கல்வராயன் மலையடிவாரத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் திரித் துப்பாக்கி ஒன்று கிடந்தது. கட்டை கரியேறியிருந்தது. விடுமுறை நாளொன்றில் அதனை உப்புத்தாளால் தேய்த்துப் புது வார்னிஷ் பூசினேன். வீட்டார் பாராட்டினர், எனக்கும் பெருமை. புற ஊதா ஒளியில் அரக்குப் பூச்சு செம்மஞ்சளாக ஒளிரும் என்பதையும், அகச்சிவப்பு ஆய்வால் எண்ணெயையும் அரக்கையும் வேறுபடுத்தலாம் என்பதையும் பல்லாண்டுகளுக்குப் பின்பே படித்தேன். அக்கட்டைக்கு மெருகிட்ட தச்சன் எம்மரபினன் என்று உரைத்திருக்கக்கூடிய சான்று அன்றே தூளாகித் திண்ணையில் உதிர்ந்துவிட்டது.

மீண்டும் சென்று பார்த்தேன். குழலைக் கட்டையோடு பிணைத்த பட்டையின் அடியில், உப்புத்தாள் எட்டாத இடத்தில், விரலகலம் பழைய மெருகு எஞ்சியிருந்தது.