பத்துத் தினார்

பெரியம்மாவின் அலுமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் காணி உறுதி, காலாவதியான இரண்டு கடவுச்சீட்டுகள், பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள். எல்லாவற்றுக்கும் அடியில், பொலித்தீன் பைக்குள், நாலாய் மடித்த ஒரு தாள்காசு. விரித்தால் மடிப்பு இரண்டும் கூட்டல் குறிபோல வெளுத்துத் தெரியும். ஒரு முகம் அரபு, மறுமுகம் ஆங்கிலம். அரபு முகத்தில் பத்து என்பது ஒரு நேர்க்கோடும் பக்கத்தில் ஒரு புள்ளியும். அந்த மொழியில் பூச்சியம் புள்ளிதான். சிறகு விரித்த வல்லூறு, அதன் சிறகுகளுக்கு இடையே வட்டத்துக்குள் ஒரு பாய்க்கப்பல்: குவைத்தின் அரச சின்னம்.

குவைத் மத்திய வங்கியின் பத்துத் தினார். கிட்டத்தட்ட முப்பத்தைந்து ஆண்டுகளாக இதைக் கொண்டு ஒரு சுண்டு அரிசிகூட வாங்க முடியாது. ஆனாலும் இது பெரியம்மாவின் பத்து நாள் சம்பளம். அவ மாதம் முப்பது தினாருக்கு வேலை செய்தவ.

தினாருக்கு வயது அதிகமில்லை. 1961 ஏப்ரல் 1 அன்றுதான் அது புழக்கத்துக்கு வந்தது. அதுவரை குவைத்தில் ஓடியது ரூபாய். முதலில் இந்தியாவுக்குள் புழங்கிய அதே ரூபாய். 1959 முதல் வளைகுடாவுக்கென்று இந்தியா தனியாக அச்சிட்டுக் கொடுத்த ரூபாய். நமக்கும் ரூபாய் வந்த வழி அதுதான். ஒல்லாந்தரின் ஸ்டைவரும் ரிக்ஸ்டொலரும் போய், ஆங்கிலேயரின் பவுணும் சிலினும் வந்து, கடைசியில் 1869இல் இந்திய வெள்ளி ரூபாய் இங்கே சட்டபூர்வ நாணயமாயிற்று. 1872இல் அதை நூறு சதமாகப் பிரித்தார்கள். இந்தியா அணாவை விட்டு நூறுக்கு வந்தது அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1957இல். ஆக, ஒரே வெள்ளிக்காசைத்தான் மட்டக்களப்புப் போடியாரும் குவைத்தின் முத்து வியாபாரியும் எண்ணியிருக்கிறார்கள். தினார் பிறந்த அன்று அதன் விலை 13 ரூபாயும் ஒரு ரூபாயில் மூன்றில் ஒரு பங்கும். அப்போது இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சரிசமம், எனவே நமக்கும் அதே கணக்கு.

பெரியம்மாவின் தாளோடுதான் வளைகுடாச் சல்லி இந்தக் கரைக்கு முதன்முதல் வந்தது என்பதும் இல்லை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பாரசீகக் குடாப் பக்கமிருந்து லாரின் என்றொரு காசு இலங்கைக்கு வந்தது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. வெள்ளிக் கம்பியை இரண்டாய் மடித்துத் தட்டி முத்திரை குத்தியது. இலங்கையில் அதைத் தூண்டில்முள்போல வளைத்துப் புழங்கினார்கள். அருங்காட்சியகத்தில் முதன்முதலாய் அதைப் பார்த்தபோது, வாவியில் தூண்டில் போடுகிறவர் ஒருவரின் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததோ என்று நினைத்தேன். காசென்றால் வட்டம், தாளென்றால் நீள்சதுரம் என்பதெல்லாம் நம் காலத்துப் பழக்கம்.

பெரியம்மா 1986இல் குவைத்துக்குப் போனா. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊரிலிருந்து வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போன முதல் ஐந்தாறு பேரில் அவவும் ஒருவர். வயலில் கூலி நெல்லாகவும் கிடைத்த காலம் அது. அங்கே முதல் மாதம் மேடம் கையில் வைத்த தாள்களைப் பார்த்து அவ பயந்துபோனாவாம். ஒரு தாளில் ஆங்கிலத்தில் கால் தினார் என்று போட்டிருந்தது. “நம்மட ஊரில முழு ரூபாய்க்கே ஒண்டும் வராது, இவங்க கால் தாறாங்களே எண்டு நினைச்சன் மனே. மறுகாதான் தெரிஞ்சிது, அந்தக் கால் நம்மட இருபது ரூபாய்க்கு மேல.” தினாரை அவர்கள் நூறாகப் பிரிப்பதில்லை, ஆயிரம் ஃபில்ஸாகப் பிரிப்பார்கள். நூறு ஃபில்ஸ் காசைச் சதம்போல எண்ணி, கடையில் மிச்சம் வாங்காமல் வந்து, வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறா. இன்னொன்றும் சொல்லுவா: “அந்தச் சல்லியில தமிழ் இல்ல. நம்மட தாளில தமிழ் இரிக்கும்.”

அவ சொன்ன அந்தச் சின்ன விஷயம் பெரியது. ஒரு நாட்டின் நாணயத்தாளில் எவர் மொழி எந்த வரிசையில் நிற்கிறது என்பதற்காக மக்கள் வீதிக்கு வந்திருக்கிறார்கள். 1998இல் மொரீசியஸ் புதிய தாள்களை வெளியிட்டபோது, அதுவரை ஹிந்திக்கு முன்னால் இருந்த தமிழ் பின்னால் போயிற்று. அங்குள்ள தமிழர் எதிர்த்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மொரீசியஸ் என்று நாலு நாட்டுப் பணத்தில் நம் எழுத்து இருக்கிறது. படிக்கத் தெரிந்த எழுத்து தாளில் இருந்தால் ஒருவரை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல. பெரியம்மா நான்கு ஆண்டுகள் நிறத்தையும் நீளத்தையும் பார்த்தே பணம் எண்ணினா.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் இரவு இங்கே காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழ் ஊரவர்கள் கொல்லப்பட்டார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவில் அகதிகள் நிறைந்து கிடந்தார்கள். அவ அங்கே ஒரு போருக்குள், நாங்கள் இங்கே ஒரு போருக்குள். கடிதம் இல்லை. அவ பேசிப் பதிந்து அனுப்பும் கசெட்டுகளும் நின்றுபோயின. எனக்கு அப்போது பத்து வயது.

மேடம் குடும்பம் சவூதிப் பக்கம் போய்விட்டது. போகும்போது சம்பளப் பாக்கியாக நாலு பத்துத் தினார்த் தாள்களைக் கொடுத்தார்கள். அவ அவற்றைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தா. ஆனால் ஊசி நூலால் காப்பாற்ற முடியாத ஒன்று அந்தத் தாள்களுக்கு அதற்குள் நடந்துவிட்டது. குவைத் மத்திய வங்கியின் பெட்டகத்திலிருந்த தாள்களை ஈராக் படை அள்ளிச் சென்றது. ஒரு குவைத் தினார் ஒரு ஈராக் தினாருக்குச் சமம் என்று அறிவித்தது. பிறகு குவைத் தினாரே அந்த மண்ணில் செல்லாது என்றது. பல மடங்கு பெறுமதியான பணம் ஓர் அறிவிப்பில் இறங்கியது. அச்சு, தாள், கையெழுத்து, வல்லூறு, பாய்க்கப்பல் எல்லாம் அப்படியேதான் இருந்தன. பின்னால் நின்ற அரசைத்தான் காணவில்லை.

பஸ்ஸில் பஸ்ரா, பக்தாத், பிறகு ஜோர்தான் எல்லைப் பாலைவனத்துக் கூடாரங்கள். வழியில் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் மூன்று தாள்கள் போயின. முதல் தாளுக்குக் கிடைத்ததில் பாதிகூட மூன்றாவது தாளுக்குக் கிடைக்கவில்லை என்று இன்றும் சொல்லுவா. அம்மானிலிருந்து விமானம். கட்டுநாயக்காவில் இறங்கும்போது பாவாடை மடிப்பில் ஒரே ஒரு தாள்.

கொழும்பில் ஒரு வங்கியில் நீட்டினா. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் தொடவும் இல்லை, தலையாட்டினார். அது போருக்கு முன்னர் என்றால் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் கிடைத்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த நாளில் அது பெரிய காசு. பொலன்னறுவை வரை பஸ், அங்கிருந்து லொறி. மன்னம்பிட்டிப் பாலத்தில் அப்போது ரயிலும் வாகனங்களும் ஒரே தளத்தில்தான் போகவேண்டும். ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம். சோதனைச் சாவடிகள் தாண்டி ரவுணுக்கு வந்து, வாவியைப் பாதையில் கடந்து வீடு சேர்ந்தா. (எங்கள் பக்கம் வாகனத்தையும் ஆளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பெயரே பாதை.)

குவைத் சல்லியின் பெறுமதி தெரிந்தவர்கள், மாற்றித் தரக்கூடியவர்கள் காத்தான்குடியில் இருந்தார்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து ஆறு கிலோமீற்றர். கடலும் பாலைவனமும் கடந்து வந்த தாளால் அந்த ஆறு கிலோமீற்றரைக் கடக்க முடியவில்லை. அந்த மாதங்களில் அங்கிருந்து இங்கே எவரும் வரவில்லை; இங்கிருந்து அங்கே எவரும் போகவில்லை. இரண்டு ஊரிலும் சாவு வீடுகள். இந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் குத்துவது இந்த இடம்தான்.

1991 பெப்ரவரியில் குவைத் விடுபட்டது. மார்ச் 24 அன்று அந்நாட்டு மத்திய வங்கி புதிய தாள்களை இறக்கியது. கொள்ளைபோன பழையவற்றோடு குழம்பாதிருக்க நிறங்களை மாற்றியிருந்தார்கள். பழைய தொடர் அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று செல்லாக்காசாயிற்று. அந்தக் கெடுவைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மின்சாரம் இல்லை, பத்திரிகை வருவதில்லை. பெரியம்மா இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கேள்விப்பட்டா. அழவில்லை. “சரி, கிடக்கட்டும்” என்று மடித்துவைத்தா.

பிற்பாடு ஐக்கிய நாடுகள் சபையின் இழப்பீட்டு ஆணைக்குழு, குவைத்தை விட்டு ஓடவேண்டி வந்த தனியாட்களுக்கு 2,500 டொலர் அல்லது 4,000 டொலர் கொடுத்தது. அவவுக்கும் கிடைத்தது. எங்கள் பகுதியில் அந்தக் காசில் எழும்பிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. பெரியம்மாவின் வீட்டில் முன்விறாந்தையும் ஓட்டுக்கூரையும் அப்படி வந்தவை. அந்த டொலரை அவ கண்ணால் காணவே இல்லை. வங்கிப் புத்தகத்தில் ஓர் எண்ணாக வந்து, ரூபாயாக வெளியே போயிற்று.

இப்போது பேத்தி கட்டாரில் இருக்கிறாள். அவள் அனுப்புவது கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது. 2022இன் தொடக்கத்தில் வங்கிகளில் டொலர் 203 ரூபாய்க்குக் கட்டிவைக்கப்பட்டிருந்தபோது, வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூட்டிக் கொடுத்தார்கள்; ஊரில் பாதிப்பேர் உண்டியலுக்கே போனார்கள். மார்ச்சில் கட்டை அவிழ்த்துவிட, சில கிழமைகளில் டொலர் 350 ரூபாயைத் தாண்டியது. ஒரு குவைத் தினார் இன்று 900 ரூபாய்க்கும் மேல். பதின்மூன்று ரூபாய்ச் சொச்சத்தில் தொடங்கிய கணக்கு அது. தினார் உயர்ந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இறங்கியது ரூபாய்.

சித்திரை வருடப்பிறப்பன்று பெரியம்மா இன்னும் வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் தருவா. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்போதும் புதிய ஐம்பது ரூபாய்த் தாள். நீலத்தாள். இந்த வருடம் என் மகள் அதைத் திருப்பிப் பார்த்து, “இது என்ன பாலம்?” என்று கேட்டாள். மன்னம்பிட்டிப் பாலம்; பழைய இரும்புப் பாலத்தையும் 2007இல் திறந்த புதியதையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். பெரியம்மா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. “இதால தானே வந்தன்” என்றா.

பழைய நோட்டுச் சேகரிக்கும் ஒருவர் அந்தப் பத்துத் தினாருக்கு விலை பேசினார். நான் கொடுக்க விடவில்லை. தாளோடு சேர்த்து ஒரு துண்டுக் கடதாசியில், யார் உழைத்தது, எந்த ஆண்டு, எந்த நாடு, எத்தனை நாள் வேலை என்று எழுதி, பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறேன். வெளிநாடு போய் வந்த தாயோ மாமியோ உங்கள் வீட்டிலும் இருப்பா. அவவின் பெட்டியிலும் இப்படியொரு தாள் கிடக்கும். அவ இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.