கரிசல் வீட்டின் விரிசலும் வாங்குபவரின் பேரமும்

கோவில்பட்டி, புதூர் வட்டாரங்களில் பழைய வீட்டைப் பார்க்க வருபவர் முதலில் சுட்டுவது சுவர் விரிசலைத்தான். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் நிற்கும் சுவரில் மயிரிழைக் கீறல் விழுவது இயல்பு. அடித்தளம் இறங்கியதால் சாய்வாக ஓடி, ஆண்டுதோறும் அகலும் பிளவு வேறு. பின்னதற்கு விலைக்குறைப்புக் கேட்பது நியாயம். முன்னதைக் காட்டி வீடு முழுவதையும் புதிதாகப் பூசித் தரச் சொல்வது நியாயமன்று.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதற்கு எல்லை வகுத்துள்ளது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவருக்குப் புலப்படாத முக்கியக் குறையை, அதனை அறிந்த விற்பவர் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. கட்டுமானக் குறையை 5 ஆண்டுகள்வரை இலவசமாகச் சரிசெய்யும் கடமையை 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் விதித்திருப்பது குடியிருப்புத் திட்டங்களைக் கட்டி விற்போருக்கே. தாம் வாழ்ந்த வீட்டை விற்கும் முதியவருக்கு அன்று.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் நல்ல பொருளும் விலைபோகாது என்பதைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். ஆகவே ஐயப்படுவது தவறன்று; ஐயத்தை எழுப்பும் காலமே முக்கியம். விற்பவர் முன்பணத்தை மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ செலவிட்ட பின்பு, கிரைய நாளன்று புதுக்குறை சொல்வது ஆய்வன்று, நெருக்கடியை விலையாக்குவது. பொறியாளரையோ அனுபவமிக்க கொத்தனாரையோ முன்கூட்டியே அழைத்துவந்து, கண்ட குறைகளையும் இசைந்த விலையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் காப்பு.